குதிரை இல்லாத வண்டியில் இரண்டு இரவு



ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. "லண்டன் எப்படி இருந்தது டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நன்றாக இருந்தது" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். லண்டனில் நான் இருந்தது ஒரே ஒரு நாள். மகன் வீடு இருப்பது ரெடிங் என்ற ஊரில். எழுத்தைப் பார்த்தால் 'ரீடிங்' என்று வாசிக்கத் தோன்றும். நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பேத்தி திருத்தினாள். முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர்களைத் திருத்தியவளுக்கு இது வேண்டியதுதான்.

மே மாதக் கடைசியில் அங்கே பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வாரம் விடுமுறை. மகன் எங்களை ஹியர்ஃபர்ட்ஷயர் என்ற மாவட்டத்துக்கு அழைத்துப் போனான். ஒரு பண்ணையில், பழைய காலத்து மர வண்டியில் இரண்டு இரவு தங்கல். இதற்கு 'கிளாம்பிங்' என்று பெயர். கூடாரம் அடித்துத் தங்குவது கேம்பிங். அதிலேயே மெத்தை, கம்பளி, அடுப்பு எல்லாம் வைத்துச் சொகுசாகக் கொடுத்தால் கிளாம்பிங். கிளாமரையும் கேம்பிங்கையும் ஒட்டவைத்த சொல். இரண்டு இரவுக்கு 260 பவுண்டு என்று மருமகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். அப்புறம் வழியெல்லாம் நான் அதிகம் பேசவில்லை.

ஆனால் வண்டியைப் பார்த்ததும் வாயைப் பிளந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிள் தோட்டத்தின் ஓரத்தில், புல்வெளியில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்றுக்கு வில் மாதிரி வளைந்த கூரை: மரச் சட்டங்களை வளைத்து அதன்மேல் பச்சைக் கித்தான் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நம் ஊர்க் கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த வடிவம்தான். ஆனால் நான்கு சக்கரம். முன்சக்கரம் சிறியது, பின்சக்கரம் பெரியது. இன்னொன்று பெட்டி போன்ற மரச்சுவர் வண்டி. அந்த வகைக்குப் பெயரே 'ரெடிங் வண்டி'! என் மகன் குடியிருக்கும் அதே ரெடிங்தான். அந்த ஊரில் டன்டன் என்ற குடும்பத்தார் பட்டறை வைத்து இவற்றைக் கட்டினார்களாம். அதன் கூரைக்கு நடுவில் இன்னொரு சிறிய கூரை உயர்ந்து நிற்கும், இரண்டு பக்கமும் கண்ணாடி. வெளிச்சமும் காற்றும் மேலிருந்து வரும்.

நாங்கள் வளைந்த கூரை வண்டியில். மகன் நான்கு படி ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். உள்ளே பத்தடி நீளம், ஆறடி அகலம் இருக்கும். அதற்குள் ஒரு வீடு. கோடியில் குறுக்கே கட்டில். கட்டிலுக்குக் கீழே தள்ளுகதவு வைத்த ஒரு மாடம். அந்தக் காலத்தில் பிள்ளைகள் படுக்கும் இடம் அது. உட்காரும் பலகையைத் தூக்கினால் பெட்டி. நுழைந்தவுடன் இடதுகைப் பக்கம் இரும்பு அடுப்பு, புகைக்குழாய் கூரைக்கு மேலே போகிறது. அடுப்பு எப்போதும் அந்தப் பக்கம்தானாம். அங்கேயும் வண்டிகள் சாலையின் இடது ஓரமாகத்தான் போகும். ஓரத்து மரக்கிளைகளில் புகைக்குழாய் இடிக்காமல் இருக்க, அதைச் சாலையின் நடுப்பக்கம் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த மாதிரி விஷயம்தான் பிடிக்கும். அரண்மனைக்குப் போனாலும் நான் சமையலறையைத்தான் பார்ப்பேன்.

கழிப்பறை நாற்பது தப்படி தள்ளி. தண்ணீர் கிடையாது, மரத்தூள். இதைப் பற்றி மேலும் எழுதப் போவதில்லை. அறுபத்தொன்பது வயதில் நடுராத்திரி டார்ச் பிடித்துக்கொண்டு ஈரப்புல்லில் நடந்தேன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆந்தை கத்தியது. குளிர் எட்டு டிகிரி.

முதல் நாள் சாயங்காலம், ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. வெளியே விறகு மூட்டி உட்கார்ந்தோம். மருமகள் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை. பண்ணைக்காரம்மா ஒரு குடுவையில் பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் அலுவலகத்தில் வேலை பார்த்தவராம். பிறகு கேட்கவா வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டோம்.

இந்த வண்டிகள் ரோமானி மக்களுடையவை. ஜிப்சி என்று நாம் படித்திருப்போம். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் தப்பாக நினைத்து, 'ஈஜிப்ஷியன்' தேய்ந்து ஜிப்சி ஆகிவிட்டது. அவர்கள் உண்மையில் கிளம்பியது நம் இந்தியாவிலிருந்து. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பெரிய சாட்சி அவர்கள் மொழிதான். பண்ணைக்காரம்மா தான் சிறுவயதில் கற்ற சில வார்த்தைகளைச் சொன்னார். தண்ணீருக்குப் பானி. மூக்குக்கு நாக். நெருப்புக்கு யக், அது அக்னி என்ற சொல்லிலிருந்து வந்தது. விரல் மடக்கி யெக், துய், த்ரின், ஷ்டார், பாஞ்ச் என்று எண்ணிக் காட்டினார். மும்பையில் வளர்ந்த என் மருமகள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அத்தை, இது நம்ம இந்தி மாதிரியே இருக்கே!" ஆனால் ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் எஃப்தா, ஓக்தோ, என்யா. அவை கிரேக்கச் சொற்கள். வருகிற வழியில் கிரேக்க மொழி பேசும் நாடுகளில் நீண்ட காலம் தங்கியிருக்கிறார்கள். பத்துக்குத் திரும்பவும் தேஷ். வண்டிக்கு அவர்கள் சொல்லும் 'வார்டோ' என்பதோ ஈரானிய மொழிக் குடும்பத்திலிருந்து எடுத்தது. எண்ணிக்கையிலேயே பயணப் பாதை இருக்கிறது பாருங்கள். வரலாற்று வகுப்பில் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

ஒரு விஷயம் எனக்கே புதிது. இந்த அலங்கார வண்டிகள் அவ்வளவு பழையவை அல்ல. 1840களுக்குப் பிறகுதான் அவர்கள் வண்டியில் குடியிருக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் முந்நூறு வருஷத்துக்கு மேல் நடைதான், கூடாரம்தான். அந்த முந்நூறு வருஷமும் நிம்மதியாக இல்லை. 1530-இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், பதினாறு நாளைக்குள் நாட்டை விட்டுப் போ என்றது. 1554-இல் வந்த சட்டம், அலைவதை விடாவிட்டால் மரண தண்டனை என்றது. அலைந்ததற்குத் தூக்கு! நெடுங்காலம் கழித்துத்தான் அது ஒழிந்தது.

இன்னொன்றும் சொன்னார். குடும்பத்தில் பெரியவர் இறந்துபோனால் அவருடைய வண்டியையும் சாமான்களையும் எரித்துவிடுவது அவர்கள் வழக்கம். எத்தனை தங்க ரேக்கு ஒட்டி, திராட்சைக் கொத்தும் குதிரையும் செதுக்கியிருந்தாலும் எரித்துவிடுவார்கள். அதனால் பழைய வண்டிகள் மிகவும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. எங்கள் வண்டி ஏலத்தில் வாங்கி வந்து புதுப்பித்தது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்திருந்தார்கள். கட்டையைச் சுற்றிப் புல் வளர்ந்து மூடியிருந்தது.

மறுநாள் காலையில் பேத்தியும் நானும் சந்து வழியாக நடந்து போனோம். இரண்டு பக்கமும் வேலியில் வெள்ளைப் பூ. ஓரிடத்தில் சாலையோரம் அகலமாகப் புல்தரை இருந்தது. அதன் நெடுக யானைக்குட்டி போலப் பெரிய பெரிய பாறைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

"அப்பாயி, இது எதுக்கு? ஸ்டோன்ஹெஞ்சா?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து பண்ணைக்காரம்மாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். அது பழைய 'அச்சின் தான்'. ரோமானிகள் வண்டியை நிறுத்தித் தங்கும் இடத்துக்கு அப்படிப் பெயர். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது செப்டம்பர் ஆனால் அந்தப் புல்தரை முழுக்க வண்டிகளும் குதிரைகளுமாக இருக்குமாம். அந்தப் பக்கமெல்லாம் ஹாப்ஸ் கொடி விளையும் ஊர். பீருக்குக் கசப்பு தரும் பூ அது. பறிப்பதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். ரோமானிக் குடும்பங்கள் வருஷம் தவறாமல் வந்து பறித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விடும். ஊர்ப் பள்ளிக்கூடமே அந்த மாதம் விடுமுறை விடும். பிறகு பறிக்கும் இயந்திரம் வந்தது. ஆட்கள் வேண்டாம் என்று ஆயிற்று. வேண்டாதவர்கள் வந்து நிற்கக் கூடாதென்று பாறையும் வந்தது.

1968-இல் ஒரு சட்டம், இவர்கள் வண்டி நிறுத்த இடம் ஒதுக்குவது உள்ளாட்சிகளின் கடமை என்றது. 1994-இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். 2022-இல் வந்த சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியில் தங்கி, போகச் சொல்லியும் போகாவிட்டால், சில சூழ்நிலைகளில் அது குற்றம்; வண்டியையே போலீஸ் எடுத்துப் போகலாம். குடியிருக்கும் வீட்டை! 2024-இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சில பகுதிகள் மனித உரிமைக்குப் பொருந்தவில்லை என்று சொன்னது. இதெல்லாம் என் மகன் போனில் தேடிப் படித்துக் காட்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த நாட்டு ஜிப்சி, ஐரிஷ் பயணிகளில் சுமார் நான்கில் ஒருவர்தான் வண்டியில் இருக்கிறார். மற்றவர்கள் வீடுகளுக்குள் போய்விட்டார்கள்.

"அவங்க வண்டில அவங்க நின்னா போலீஸ் வரும். நாம காசு குடுத்து நின்னா பால் வருது" என்றான் மகன். பண்ணைக்காரம்மாவுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. நல்ல மனுஷி. பாறை போட்டது அவர் இல்லை.

அன்று ராத்திரிதான் நான் இதை எழுதுவதற்குக் காரணமான பேச்சு வந்தது. பள்ளிக்கூடக் கதை பேசிக்கொண்டிருந்தோம். வருகைப் பதிவேடு எழுதுகிற தொல்லை உலகம் பூராவும் ஒன்றுதான் போலிருக்கிறது. அவர் தங்கள் பதிவேட்டின் குறியீடுகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். உடம்பு சரியில்லை என்றால் ஒரு எழுத்து, காரணம் சொல்லாமல் வராவிட்டால் ஒரு எழுத்து. "பிறகு 'டி' " என்றார். பெற்றோர் தொழிலுக்காக ஊர் ஊராகப் போகும்போது கூடவே போன பிள்ளைக்கு 'டி'. அந்த எழுத்து இருந்தால் அது அனுமதி பெற்ற விடுப்பு. திரும்பி வரும்வரை பிள்ளையின் பெயர் அதே பள்ளியில் இருக்கும். போகிற ஊர்ப் பள்ளியிலும் சேர்ந்துகொள்ளலாம், இரண்டு இடத்திலும் பெயர் இருக்கலாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகனைத் தேடச் சொன்னேன். இன்னும் பழைய சங்கதி கிடைத்தது. 1908-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, அலைந்து திரியும் குடும்பத்துப் பிள்ளை அக்டோபர் முதல் மார்ச் வரை இருநூறு வேளை பள்ளிக்கு வந்தால் போதும் என்று இருக்கிறது. காலை ஒரு வேளை, மதியம் ஒரு வேளை. ஆக நூறு நாள். 1944 கல்விச் சட்டத்திலும் இருநூறு வேளைக் கணக்கு தொடர்ந்தது. அன்பினால் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை எப்படியாவது ஒரு இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்து அதிகாரிகள் எண்ணம். ஆனாலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குளிரைக் காரணம் சொன்னேன்.

1987-இல் திருச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான் வகுப்பாசிரியை. அந்த வருஷம் நரிக்குறவர் குடும்பத்துப் பையன் ஒருவன் சேர்ந்தான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் அவர்கள் கூடாரம். பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இங்கே எழுத மாட்டேன். தமிழ் வாசிக்கத் தடுமாறுவான். ஆனால் தமிழ்நாட்டு வரைபடத்தைச் சுவரில் மாட்டி "பழனி எங்கே?" என்று கேட்டால் போதும், ஓடிவந்து விரலை வைப்பான். வேளாங்கண்ணி, மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர். எந்த ஊருக்கு எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் தெரியும். மற்ற பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், அவன் போய் வந்திருந்தான்.

ஆகஸ்ட் கடைசியில் குடும்பம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பாசிமணி, ஊசி விற்கப் போனது. அங்கிருந்து எங்கெங்கோ. ஒரு மாதம் தாண்டியது. கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. வருகைச் சதவீதம் குறைந்தால் வகுப்பாசிரியைக்குத்தான் கேள்வி. நான் சிவப்பு மையில் அவன் பெயர்மேல் கோடு போட்டு, 'நீண்ட நாள் வராமை, பெயர் நீக்கம்' என்று எழுதினேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபரில் அவன் வந்தான், அப்பாவோடு. தலைசீவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. நான் வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஒரே எடத்துல நெலையா இருந்தா கூட்டிட்டு வாங்க. இப்படி நெனச்சா வர்றது, நெனச்சா போறதுன்னா எங்க ரெக்கார்டு என்னாகுறது?"

"சரிங்க டீச்சரம்மா" என்றார் அவர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். வரைபடம் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலைமையாசிரியர் மறுபடி சேர்த்துக்கொண்டிருப்பார். விதி இடம் கொடுக்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விதி இடம் கொடுத்தது. எனக்குத்தான் சள்ளையாக இருந்தது. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது, கண்டிப்பான டீச்சர் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை நீங்களெல்லாம் இன்றும் பெருமையாகச் சொல்கிறீர்கள்.

ரோமானிகளும் நரிக்குறவர்களும் ஒரே மக்கள் என்று வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றுகிறது. அப்படி நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் எதுவும் நான் பார்க்கவில்லை. நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலி, குஜராத்திக்கு நெருக்கமான இந்தோ-ஆரிய மொழி; ரோமானியும் இந்தோ-ஆரிய மொழி. அவ்வளவுதான் உறவு. ஆனால் அந்த அம்மா தீயருகே உட்கார்ந்து "பானி" என்று சொன்னபோது எனக்குக் கேட்டது வேறு குரல்.

மூன்றாம் நாள் காலை கிளம்பும் முன், வருகையாளர் நோட்டில் ஏதாவது எழுதச் சொன்னார்கள். பேத்தி வண்டிப் படம் வரைந்து, முன்னால் ஒரு குதிரையும் கட்டிவிட்டாள். நான் தமிழில் நன்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு எதுவும் எழுத வரவில்லை.

இனி என் கோரிக்கை. 1987-88-இல் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் இருந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். நான்கைந்து பேர் பிறந்த நாளுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறீர்கள். அவனை உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் பக்கம். இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். 2023 ஜனவரியில் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தார்கள் என்று செய்தி வந்தபோதே விசாரிக்க நினைத்தேன், தள்ளிப் போட்டேன். எங்கே இருக்கிறான், யாருக்காவது தெரியுமா? பெயரைக் கமெண்டில் எழுத வேண்டாம். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். மன்னிப்புக் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தப் போவதில்லை. அவன் பிள்ளைகள் படித்தார்களா என்று கேட்க வேண்டும். அவன் விரும்பினால் போய்ப் பார்ப்பேன், நடக்க முடிகிறது.

படங்கள் கீழே போட்டிருக்கிறேன். நான்காவது படம் அந்தப் பாறைகள். கடைசிப் படத்தில் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்திருப்பது நான்தான். கரடி என்று கமெண்ட் போடத் தயாராக இருக்கும் என் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.